குறிஞ்சி ஏன் அடிக்கடி பூக்கிறது? 12 ஆண்டுக் கணக்கின் உள்விவரம்

மூணாறிலும் கொடைக்கானலிலும் 2018இல் நீலக்குறிஞ்சி பூத்தபோது, இனி 2030இல்தான் என்று எல்லோரும் எழுதினார்கள். மூன்றே ஆண்டில், 2021இல், குடகு மலையில் பூத்திருப்பதாகப் படங்கள் வந்தன. 2022இல் இடுக்கி மாவட்டம் சாந்தன்பாறைக்குப் பக்கத்திலுள்ள கள்ளிப்பாறையிலும் கர்நாடகத்தின் சிக்மகளூர் மலைகளிலும் பூத்தது. 2024இல் நீலகிரியில். ஒவ்வொரு செய்தியிலும் தவறாமல் அதே வாசகம்: ‘12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே பூக்கும் அபூர்வ மலர்.’

வாசகருக்குக் குழப்பம் வராமல் இருந்தால்தான் வியப்பு. 12 ஆண்டு என்பதே கட்டுக்கதை என்கிறது ஒரு கட்சி. பருவநிலை கெட்டுப்போய்ச் செடிக்குக் கணக்குத் தப்பிவிட்டது என்கிறது இன்னொரு கட்சி. இரண்டு பேரும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை முழுவதற்கும் ஒரே குறிஞ்சி, அதற்கு ஒரே கடிகாரம் என்று இருவருமே எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அந்த 12 ஆண்டு, ஒரு சரிவில் ஒன்றாக முளைத்த ஒரு செடிக் கூட்டத்தின் வயது. பக்கத்து மலையில் நிற்கும் கூட்டத்துக்கு வயது வேறாக இருக்கலாம்.

இதைப் புரிந்துகொள்ள மூன்று செய்திகள் தேவை: எந்தச் செடியைக் குறிஞ்சி என்கிறோம், அது ஏன் ஒரே ஒருமுறை பூக்கிறது, ஏன் கூட்டமாகப் பூக்கிறது.

பெயர் ஒன்று, செடி பல

நீலக்குறிஞ்சியின் அறிவியல் பெயர் ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா. ஸ்ட்ரோபிலாந்தஸ் என்பது பேரினம். அதற்குள் வெப்பமண்டல ஆசியா முழுவதும் 400க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 150. மலையில் வாழ்பவர்களும் செய்தியாளர்களும் இவற்றில் பலவற்றைப் பொதுவாகக் ‘குறிஞ்சி’ என்றே சொல்கிறார்கள். தவறில்லை, ‘மல்லிகை’ என்று நாம் பல கொடிகளைச் சொல்வதில்லையா? சிக்கல் எங்கே வருகிறதென்றால், ஓர் இனத்தின் 12 ஆண்டுக் கணக்கை எடுத்து எல்லா இனங்களின் தலையிலும் கட்டும்போதுதான்.

இந்தப் பேரினத்தில் ஆண்டுதோறும் பூக்கும் இனங்களும் உண்டு. சிலவற்றுக்குச் சுழற்சி 7 ஆண்டு. மகாராஷ்டிரத்தில் கார்வி எனப்படும் இனத்துக்கு 8 ஆண்டு. மும்பை நகருக்குள்ளேயே இருக்கும் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் 2016இல் பூத்தது, 2024இல் மீண்டும் பூத்தது. படத்தில் பார்த்தால் இவற்றில் பலவும் அச்சு அசல் குறிஞ்சிதான்: ஊதா கலந்த நீலம், மணி வடிவப் பூ, சரிவு முழுக்கப் படர்ந்த புதர். எனவே எங்கோ ஒரு மலை நீலமானால், முதலில் கேட்க வேண்டியது ‘எந்த இனம்?’ என்பது. செய்திகள் பெரும்பாலும் அதைக் கேட்பதில்லை.

குடும்பத்தைச் சொன்னால் இன்னும் நெருக்கமாகிவிடும். தலையில் சூடும் கனகாம்பரமும், சளிக்குக் கஷாயம் வைக்கும் ஆடாதோடையும், டெங்குக் காலத்தில் வீடுவீடாகக் கொடுத்த நிலவேம்பும் குறிஞ்சியின் உறவுக்காரச் செடிகள். ஈரம் பட்டதும் ‘படக்’கென்று வெடிக்கும் பட்டாசுக் காயும் இதே குடும்பம்தான் (அது அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறியது). குறிஞ்சியின் காயும் முற்றியபின் வெடித்தே விதையை எறிகிறது. இந்த வெடிப்புக்கு உள்ள எல்லை பிறகு முக்கியமாகப் போகிறது, நினைவில் இருக்கட்டும்.

இனி நீலக்குறிஞ்சி மட்டும். பெரும்பாலும் முழங்கால் முதல் இடுப்பு உயரம். இடம் வாய்த்தால் ஆளுயரம் வரையும் போகும். மரங்கள் அடர்ந்த காட்டுக்குள் வளராது. கடல் மட்டத்திலிருந்து 1,300 மீட்டருக்கு மேல், சோலைக்காடுகளுக்கு இடையே விரியும் திறந்த புல்வெளிச் சரிவுகளே இதன் வீடு. தென்மேற்குப் பருவமழையை ஒட்டி, பெரும்பாலும் ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை பூக்கும். ஒரு பூவைத் தனியாகக் கையில் எடுத்துப் பார்த்தால் அப்படி ஒன்றும் பிரமாதமில்லை, நிறமும் வெளிறிய ஊதாதான். இணையத்தில் உலவும் படங்களில் நீலத்தைத் தாராளமாகக் கூட்டிவிடுகிறார்கள். பேரழகு இருப்பது எண்ணிக்கையில்.

உலகில் வேறெங்கும் இல்லாமல் ஒரு நிலப்பகுதியில் மட்டும் வாழும் உயிரினத்தை ‘ஓரிடவாழ்வி’ என்பார்கள். நீலக்குறிஞ்சி தென்னிந்திய உயர்மலைகளின் ஓரிடவாழ்வி. நீலகிரி, மூணாறு, பழனிமலை, ஆனைமலை ஆகியவை இதன் முக்கிய இருப்பிடங்கள். கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஒரே ஒரு கூட்டம், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில்.

பூத்தால் சாவு

குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கிறது என்று சொல்லும்போது, ஒரே செடி 2006இலும் பூத்து, 2018இலும் பூத்து, 2030இலும் பூக்கும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அப்படி இல்லை. 2006இல் பூத்த செடி அந்தப் பருவத்தோடு செத்துப்போனது. 2018இல் பூத்தவை அதன் பிள்ளைகள். 2030இல் பூக்கப்போவது பேரப்பிள்ளைகள்.

வாழ்நாளில் ஒரே ஒருமுறை பூத்துக் காய்த்து மடியும் செடிகள் நமக்குப் புதியவை அல்ல. நெல் அப்படித்தான், நான்கைந்து மாதத்தில் கதை முடிந்துவிடும். குலை தள்ளிய வாழைமரம் பட்டுப்போகிறது (கீழே கன்று இருப்பதால் நாம் அதை இழவாக எண்ணுவதில்லை). பல பதிற்றாண்டுகள் நின்று, உச்சியில் பெரும் பூங்கொத்து விட்டு மடியும் தாளிப்பனையும் இந்த வகை. மூங்கிலில் பல இனங்களும் அப்படியே. இப்படிப் பார்த்தால், குறிஞ்சி என்பது பன்னிரண்டு ஆண்டுப் பயிர். விதைப்பவரும் அறுப்பவரும் இல்லாத பயிர்.

குறிஞ்சியின் ஒரு சுழற்சி இப்படிப் போகிறது:

1. பூக்கும் ஆண்டில் மகரந்தச் சேர்க்கை நடக்கிறது. இந்தியத் தேனீ இதில் முக்கியக் கூலியாள். மலையே பூத்துக் கிடப்பதால் தேனீக்களுக்கு வேறு பூவைத் தேடிப் போக வேண்டிய தேவையே இல்லை. குறுந்தொகையின் 3ஆம் பாடல், கரிய கொம்புடைய குறிஞ்சியின் பூக்களைக் கொண்டு பெருந்தேன் சேரும் மலை என்று பாடுகிறது. தண்டின் நிறத்தையும் தேனின் அளவையும் யாரோ நேரில் பார்த்துத்தான் எழுதியிருக்க வேண்டும்.

2. பூ உதிர்ந்து காய் பிடிக்கிறது. முற்றிய காய் வெடித்து விதையைத் தெறிக்கவிடுகிறது. தாய்ச்செடி காய்ந்து சுள்ளியாகிறது.

3. மழை வந்ததும் விதைகள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் முளைக்கின்றன. சரிவு முழுவதும் இப்போது ஒரே வயதுப் பிள்ளைகள்.

4. அடுத்த 11 ஆண்டுகள் வளர்ச்சி மட்டுமே. பூவும் இல்லை, செய்தியும் இல்லை.

மூன்றாவது படியைக் கவனியுங்கள். எல்லாச் செடிகளும் ஒன்றாகப் பூப்பதற்கு அவை ஒன்றுக்கொன்று ‘பேசிக்கொள்ள’ வேண்டியதில்லை. ஒரே ஆண்டில் பிறந்தவர்கள் ஒரே ஆண்டில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதுவது போலத்தான். பிறந்த நாள் ஒன்றாக இருந்து, உள்ளே எண்ணும் கடிகாரமும் ஒன்றாக இருந்தால் போதும். மூங்கிலில் இது தெளிவாகத் தெரிந்திருக்கிறது: ஒரே மூலத்திலிருந்து பிரித்தெடுத்து வெவ்வேறு நாடுகளில் நட்ட புதர்கள்கூட, மண்ணும் மழையும் மாறியும், ஏறக்குறைய ஒரே காலத்தில் பூத்திருக்கின்றன. எண்ணிக்கை செடிக்குள்ளே இருக்கிறது.

மூணாறுப் பகுதிக் கணக்கு 1838 முதல் சொல்லப்படுகிறது. 1838இலிருந்து 12, 12 ஆகக் கூட்டிக்கொண்டே போனால் 1922, 1934, 1946, 1958, 1970, 1982, 1994, 2006, 2018 என்று வந்து சேரும். 180 ஆண்டுகளில் வரிசை முறியவில்லை. பழனிமலைப் பளியர்கள் ஒருவருடைய வயதை, எத்தனை குறிஞ்சி பார்த்தவர் என்று சொல்லிக் கணக்கிட்டதும் இந்தச் சீரான ஓட்டத்தை நம்பித்தான்.

ஏன் காத்திருக்க வேண்டும்? ஏன் கூட்டமாக?

ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் பூத்தால் என்ன நட்டம்? இந்தக் கேள்விக்கு அமெரிக்கச் சூழலியலாளர் டேனியல் ஜான்சன் 1976இல் மூங்கிலை வைத்து ஒரு விடை சொன்னார். இன்றுவரை அதிகம் ஏற்கப்படுவது அதுதான். தமிழில் ‘தின்பவரைத் திகட்டவைத்தல்’ எனலாம்.

விதை என்பது எலிக்கும் காட்டுக்கோழிக்கும் பூச்சிக்கும் உணவு. ஒரு சரிவில் ஆண்டுக்கு ஆயிரம் விதை விழுந்தால், அந்த ஆயிரத்தையும் தின்று முடிக்கும் அளவுக்குத் தின்பவை அங்கே நிலைத்திருக்கும். ஆனால் 11 ஆண்டு ஒன்றுமே கொடுக்காமல் இருந்து, 12ஆம் ஆண்டில் ஒரே மூச்சில் கோடிக்கணக்கில் கொட்டினால்? 11 ஆண்டுப் பட்டினியில் தின்பவற்றின் எண்ணிக்கை கட்டுக்குள் இருக்கும். விருந்து வரும்போது வயிறு நிறையத் தின்னும். அப்படியும் மிச்சம் கிடக்கும். அந்த மிச்சம்தான் அடுத்த தலைமுறை.

கூட்டத்தோடு சேராமல் ஓராண்டு முந்தியோ பிந்தியோ பூக்கும் செடிக்கு என்ன ஆகும் என்பதையும் இதிலிருந்தே சொல்லிவிடலாம். தனியாக விதைத்தது தனியாகத் தின்னப்படும். தப்பிப் பூக்கும் குணம் சந்ததிக்குப் போவது அரிது. இப்படித் தலைமுறை தலைமுறையாக நேரம் தவறியவை களையெடுக்கப்பட்டதால்தான் கூட்டத்தின் ஒழுங்கு இவ்வளவு கறாராக இருக்கிறது.

இதே உத்தியை விலங்குலகிலும் பார்க்கலாம். அமெரிக்காவில் 13 ஆண்டும் 17 ஆண்டும் மண்ணுக்குள் கிடந்து, பிறகு கோடிக்கணக்கில் வெளிவரும் சிள்வண்டுகள் உண்டு. 2024இல் ஒரு 13 ஆண்டுக் கூட்டமும் ஒரு 17 ஆண்டுக் கூட்டமும் ஒரே பருவத்தில் வெளிவந்தன. அந்த இரண்டும் அதற்குமுன் சேர்ந்து வந்தது 1803இல்.

தின்பவருக்குத் திகட்டியபின் நடப்பது எப்போதும் இனிமையாக இருப்பதில்லை. இந்தியாவிலேயே அதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது, அதுவும் அரசியல் வரலாற்றையே திருப்பிய உதாரணம். மிசோரம் மலைகளில் ஒருவகை மூங்கில் ஏறத்தாழ 48 ஆண்டுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்துக் காய்த்து மடியும். அதை அங்கே ‘மாவ்தாம்’, அதாவது மூங்கில் சாவு, என்பார்கள். காய்கள் எலிக்குப் பெருவிருந்து. எலி பெருகும். காய் தீர்ந்ததும் பெருகிய எலிக்கூட்டம் வயலுக்கு இறங்கும். 1959இல் அப்படி இறங்கியபோது நெல் போய்ப் பஞ்சம் வந்தது. அப்போது மிசோ மலைகள் அசாமின் ஒரு மாவட்டம். பெரியவர்களின் முன்னெச்சரிக்கையை அரசு பொருட்படுத்தவில்லை என்ற கோபம் மக்களிடம் இருந்தது. பஞ்ச நிவாரணத்துக்காகத் தொடங்கிய அமைப்பு 1961இல் மிசோ தேசிய முன்னணி என்ற கட்சியானது. 1966இல் ஆயுதக் கிளர்ச்சி, 1986இல்தான் ஒப்பந்தம். ஒரு புல் பூத்ததிலிருந்து ஒரு மாநிலம் பிறந்த கதை என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், ஆனால் முழுப் பொய் என்று தள்ளவும் முடியாது.

குறிஞ்சிக்கு அப்படிப்பட்ட பின்விளைவு கிடையாது. விதை சிறியது, மனிதர் விளைவிக்கும் தானியத்தோடு அதற்குப் போட்டியும் இல்லை. மூங்கிலுக்கும் குறிஞ்சிக்கும் பொதுவானது அந்தத் திகட்டவைக்கும் கணக்கு மட்டும்.

மலைக்கு மலை வேறு ஆண்டு

இப்போது முதல் குழப்பத்துக்குத் திரும்பலாம். காய் வெடித்து விதை தெறிக்கும் தூரம் சில அடிகள்தான். பருத்தி, எருக்கு போலப் பஞ்சு கட்டிக் காற்றில் பறக்காது. ஆலம்பழம் போலப் பறவை வயிற்றில் ஏறி ஊர் சுற்றாது. பள்ளத்தாக்கையும் காட்டையும் தாண்டி அடுத்த புல்வெளிக்கு நகர்வது மிக அரிது. எனவே ஒவ்வொரு மலையுச்சிப் புல்வெளியும் கிட்டத்தட்ட ஒரு தீவு. அதில் இருக்கும் குறிஞ்சி தனிக் கூட்டம்.

ஒரு தீவில் என்றோ ஒருமுறை, நேரம் தவறிப் பூத்த சில செடிகளின் விதைகள் தின்னப்படாமல் பிழைத்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். காட்டுத்தீயோ நிலச்சரிவோ பழைய கூட்டத்தை அழித்து, புதிதாக வந்தவைக்கு இடம் விட்டிருக்கலாம். அன்றிலிருந்து அந்தத் தீவின் கடிகாரம் தனியாக ஓடத் தொடங்கிவிடும். 12 ஆண்டு என்ற இடைவெளி மாறாது, தொடங்கிய ஆண்டுதான் மாறும். பேருந்து ஒரு மணி நேரத்துக்கு ஒன்று என்றால் எல்லாத் தடத்திலும் சரியாக ஆறு மணிக்கே கிளம்ப வேண்டும் என்பதில்லை அல்லவா?

எனவே கடந்த சில ஆண்டுச் செய்திகளை இப்படிப் பிரித்துப் படிக்கலாம்:

1. 2006, 2018 வரிசை: மூணாறு, இரவிகுளம், கொடைக்கானல், நீலகிரியின் சில சரிவுகள். அடுத்தது 2030.

2. 2022 வரிசை: சாந்தன்பாறை கள்ளிப்பாறை. மூணாறிலிருந்து அதிகத் தொலைவில்லை, ஆனால் கடிகாரம் 4 ஆண்டு பின்னால் ஓடுகிறது. அடுத்தது 2034.

3. 2024 வரிசை: நீலகிரியில் அந்த ஆண்டு பூத்த சரிவுகள். அடுத்தது 2036. ஒரே மாவட்டத்துக்குள் 2018 வரிசையும் 2024 வரிசையும் இருப்பது முரண்பாடல்ல.

4. வேறு இனங்கள்: கர்நாடக, மகாராஷ்டிர மலைகளின் செய்திகளில் பலவும் 7, 8 ஆண்டுச் சுழற்சி கொண்ட உறவினங்களையும் சேர்த்தே ‘நீலக்குறிஞ்சி’ என்கின்றன. இவற்றைக் கூட்டத்தில் சேர்த்தால் குறிஞ்சி பூக்காத ஆண்டே இருக்காது.

5. தப்பிப் பூத்தவை: பெரும்பூப்புக்கு முந்திய ஆண்டிலும் பிந்திய ஆண்டிலும் சாலையோரத்தில் ஐந்தாறு செடி பூக்கும். அதைப் படமெடுத்துப் ‘பூக்கத் தொடங்கியது குறிஞ்சி’ என்று போட்டால், பார்க்க வந்தவர்கள் புல்லை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள்.

பருவநிலை மாற்றத்துக்கு இதில் பங்கே இல்லையா? பூக்கும் ஆண்டைத் தீர்மானிப்பது உள்ளிருக்கும் கடிகாரம். அந்த ஆண்டுக்குள் எந்த வாரம் என்பதை மழையும் வெயிலும் தீர்மானிக்கின்றன. 2018 அதற்கு நல்ல சான்று. அந்த ஆகஸ்டில் கேரளத்தைப் புரட்டிய பெருமழையில் மூணாறுச் சாலைகள் சரிந்தன. பூப்பு தள்ளிப்போய், மழை விட்டு வெயில் அடித்தபின் நடந்தது. பல இலட்சம் பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்துச் செய்த ஏற்பாடுகள் பெரும்பாலும் வீணாயின. செடி தன் ஆண்டைத் தவறவிடவில்லை.

பூ இல்லாத 11 ஆண்டுகள்

கூட்டமாகப் பூப்பது வலிமையான உத்தி. அதே உத்திதான் குறிஞ்சியின் பலவீனமும். ஆண்டுதோறும் காய்க்கும் செடி ஓராண்டு விதையை இழந்தால் அடுத்த ஆண்டு ஈடுகட்டும். குறிஞ்சிக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஒரு சரிவில் உள்ள எல்லாச் செடியும் ஒரே வயது. எட்டாவது ஆண்டில் அந்தச் சரிவை வெட்டித் திருத்தினால் அங்கே பூத்த தலைமுறையும் இல்லை, விழுந்த விதையும் இல்லை. வெளியிலிருந்து விதை பறந்து வரவும் முடியாது. அந்தத் தீவின் கணக்கு அன்றோடு முடிந்தது. அதை யாரும் கவனிக்கவும் மாட்டார்கள், ஏனென்றால் பூ இல்லாத குறிஞ்சி பார்வைக்கு ஒரு முரட்டுப் பச்சைப் புதர், அவ்வளவுதான்.

இழப்பு பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கிறது, பூப்பறிப்பவர்களால் அல்ல. ஆங்கிலேயர் கண்ணுக்கு மலைப் புல்வெளி ‘வெற்று நிலம்’. மரமில்லாத இடத்தில் மரம் நட்டால் வருமானம் என்று 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆஸ்திரேலியாவிலிருந்து யூகலிப்டஸையும் வாட்டில் மரத்தையும் கொண்டுவந்தார்கள். நீலகிரியில் இவற்றைக் கற்பூர மரம், சீகை மரம் என்பார்கள். தேயிலை இன்னொரு பக்கம் ஏறியது. விடுதலைக்குப் பிறகும் இது நிற்கவில்லை. தோல் பதனிடச் சீகைப்பட்டை, செயற்கை இழைக்கும் காகிதத்துக்கும் மரக்கூழ் என்று அரசே தோட்டங்களை விரித்தது. செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018இல் வெளியான ஓர் ஆய்வு, பழனிமலையில் நான்கு பதிற்றாண்டுகளில் மலைப் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று காட்டியது.

நல்லெண்ணத்தோடு செய்யும் கெடுதலும் இதில் உண்டு. மலைச்சரிவு ‘மொட்டையாக’ இருக்கிறதே என்று மரக்கன்று நடும் விழாக்கள் இன்றும் நடக்கின்றன. சமவெளியில் அது நன்மையாக இருக்கலாம். 2,000 மீட்டர் உயரப் புல்வெளியில் அது குறிஞ்சியின் வீட்டுக்குக் கூரை போடும் வேலை. நிழல் விழுந்தால் புல்லும் போகும், குறிஞ்சியும் போகும். அவற்றோடு வரையாடும், இந்தப் புல்வெளிகளை விட்டு வேறெங்கும் வாழாத நீலகிரி நெட்டைக்காலி என்ற சிறு பறவையும் இடம் இழக்கும். மழைநீரை உறிஞ்சி மெல்ல ஓடைக்கு விடும் வேலையும் கெடும். அமராவதிக்கு வரும் பாம்பாறு இப்படிப்பட்ட மலைகளில்தான் ஊற்றெடுக்கிறது.

நட்டதைப் பிடுங்கினால் சரியாகிவிடாதா? எளிதில்லை. சீகை மரத்தின் விதைகள் மண்ணுக்குள் பல பதிற்றாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டி வெளிச்சம் விழுந்ததும் ஆயிரக்கணக்கில் முளைக்கும். வெட்டுவதோடு நிற்காமல், ஆண்டுக்கணக்கில் நாற்றுகளைப் பிடுங்கிக்கொண்டே இருந்து, நாட்டுப்புல்லையும் திரும்ப நட்டால்தான் நிலம் மீளும். தமிழ்நாடு அரசு 2022இல் 25 கோடி ரூபாயில் அறிவித்த வரையாட்டுத் திட்டத்தில் புல்வெளி மீட்பும் ஒரு பகுதி. குறிஞ்சியைக் காக்கும் திட்டம் என்று அதற்குப் பெயரில்லை, ஆனால் குறிஞ்சிக்கு நடக்கக்கூடிய நல்ல காரியம் அதுதான்.

இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் நீலக்குறிஞ்சி 2024இல்தான் மதிப்பிடப்பட்டுச் சேர்ந்தது. வகை: ‘அழிவாய்ப்பு நிலை’, அதாவது அழியும் அபாயப் படிகளில் முதற்படி. அந்த மதிப்பீட்டில் 34 துணைக் கூட்டங்கள் கணக்கிடப்பட்டன. 33 மேற்குத் தொடர்ச்சி மலையில், ஒன்று ஏற்காட்டில். வாழிடத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு ஏற்கெனவே போய்விட்டது என்பது மதிப்பீட்டின் அடிப்படை. கோடிக்கணக்கில் பூக்கும் செடி எப்படி அழியும் நிலைக்கு வரும் என்று கேட்பவர்கள் இந்த இடத்தில் கவனிக்க வேண்டும்: செடியின் எண்ணிக்கையைவிட, மிஞ்சிய தீவுகளின் எண்ணிக்கைதான் இங்கே அளவுகோல்.

சட்டம் எதைக் காக்கிறது, எதை விடுகிறது

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பெயருக்கு மாறாக, சில செடிகளையும் காக்கிறது. முன்பு அந்தப் பட்டியலில் 6 வகைதான். 2022இல் திருத்தி, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய மூன்றாம் அட்டவணையில் நீலக்குறிஞ்சியும் சேர்ந்துவிட்டது. இதனால் வரும் விளைவுகள்:

1. பட்டியலிட்ட செடியைப் பறிப்பது, பிடுங்குவது, சேதப்படுத்துவது, விற்பது, வாங்குவது குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

2. உரிமம் இல்லாமல் வளர்ப்பதற்கும் தடை உண்டு. ‘வீட்டில் வளர்க்கக் குறிஞ்சிக் கன்று’ என்று இணையத்தில் விற்பவரிடம் வாங்கினால் வாங்கியவரும் சிக்கலாம்.

3. பழங்குடி மக்கள் தாங்கள் வாழும் மாவட்டத்தில் சொந்தத் தேவைக்காக எடுப்பதற்கு விலக்கு இருக்கிறது.

4. பறித்தல் தொடர்பான தடை, காட்டு நிலத்துக்கும் மத்திய அரசு அறிவிக்கை செய்யும் பகுதிகளுக்கும்தான்.

நான்காவதுதான் ஓட்டை. குறிஞ்சி வளரும் சரிவுகள் எல்லாம் வனத்துறையிடம் இல்லை. எஸ்டேட்டுகளிலும் பட்டா நிலத்திலும் வருவாய்த் துறைப் புறம்போக்கிலும் உண்டு. இரவிகுளம் 1978 முதல் தேசியப் பூங்காவாக இருப்பதால் அங்கே கவலை குறைவு. வட்டவடை, கொட்டக்கம்பூர் பகுதிக்காகக் கேரள அரசு 2006இல் அறிவித்த குறிஞ்சிமலை சரணாலயத்தின் கதை வேறு. சுமார் 3,200 ஹெக்டேர் என்று அறிவிப்பு வந்தது. அதற்குள் யாருக்கு எந்த நிலம் சொந்தம் என்று பட்டாக்களைத் தீர்க்கும் வேலை, 2018இல் அடுத்த பூப்பு வந்தபோதும் முடிந்திருக்கவில்லை. குறிஞ்சியின் ஒரு முழு ஆயுள் கோப்புகளிலேயே கழிந்தது.

பூப்பு ஆண்டின் கூட்டம் வேறொரு தொல்லை. கள்ளிப்பாறையில் 2022இல் மக்கள் சரிவெங்கும் ஏறி இறங்கினார்கள், கொத்துக்கொத்தாகப் பறித்தார்கள். பறிப்பது தண்டனைக்குரியது என்று வனத்துறை எச்சரிக்க வேண்டிவந்தது. ரோசாவைப் பறித்தால் செடி மறுபடி பூக்கும். குறிஞ்சிக்கு அது முதலும் கடைசியுமான பூ. பறித்த கொத்தில் இருந்தது அந்தச் செடியின் மொத்த வாரிசு. மிதித்தலும் அப்படியே. பூப்பு முடிந்து எல்லோரும் போனபின், காய் வெடிக்கும் மாதங்களில் காய்ந்த குறிஞ்சிச் சுள்ளி தீக்கு நல்ல தீனியாகக் கிடக்கிறது. கோடைத் தீ வந்தால் அப்போதுதான் அதிக இழப்பு.

அடுத்த செய்தி வரும்போது

‘அபூர்வக் குறிஞ்சி பூத்தது’ என்று மறுபடி ஒரு படம் கைக்கு வந்தால் மூன்று கேள்விகளில் அதன் தரம் தெரிந்துவிடும்.

1. எந்த மலை, எவ்வளவு உயரம்? 1,300 மீட்டருக்குக் கீழே, மரநிழலில் பூத்திருந்தால் அது பெரும்பாலும் நீலக்குறிஞ்சி இல்லை, உறவினம்.

2. அதே சரிவில் முன்பு எப்போது பூத்தது? அன்றிலிருந்து இன்றுவரை உள்ள இடைவெளி 12ஆல் வகுபட்டால் சரி. ‘கேரளத்தில் 2018இல் பூத்ததே’ என்பது இந்தக் கேள்விக்கு விடையாகாது.

3. படத்தில் இருப்பது சரிவு முழுதுமா, சில செடிகளா? சில செடிகள் என்றால் தப்பிப் பூத்தவையாக இருக்கலாம். பெரும்பூப்பு ஓராண்டு முன்போ பின்போ இருக்கும்.

2018 வரிசைச் செடிகளின் பூப்புக்கு இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன. கொடைக்கானல், மூணாறு சாலையோரங்களில் அவை இப்போதும் நிற்கின்றன. கருத்த தண்டு, சொரசொரப்பான, ஓரத்தில் பற்கள் உள்ள இலை, கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே. சாலையை அகலப்படுத்த இயந்திரம் கொண்டு வருபவர்களுக்கு அது புதர்.